மீன் வாசம் படாத ராட்டை

கொழும்பிலிருந்து சித்தப்பா எழுதிய முதல் தபால் அட்டை என்னிடம் இருக்கிறது. விரோதிகிருது வருஷம் வைகாசி மாதம் என்று அவரே மேலே குறித்திருக்கிறார். ஆங்கிலக் கணக்கில் 1911. தேதி இருந்த இடத்தில் எண்ணெய் பட்டு மை கலைந்துவிட்டது. எல்லோருடைய சௌக்கியத்தையும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி: "நூலை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும். வெயில் ஆகாது."

அது தூண்டில் நூல். எங்களுடையது மீன் வாங்கிய கூடைகூட வாசலுக்கு வராத சைவ வீடு. அப்படிப்பட்ட வீட்டில் அந்த நூல் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்ணார்பேட்டையில், ஆற்றுக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு. தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் சித்தப்பாவை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அப்பாதான். மெட்ரிகுலேஷன் தேறியதும் சித்தப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை கூப்பிட்டது. அப்பா கூடாது என்றுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. மோர் வேண்டும் என்பதைக்கூட ஒருவருக்கொருவர் என் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். இரண்டு ராஜாக்களுக்கு நடுவே தூது போகிற பெருமை எனக்கு.

விரோதிகிருதுவுக்கு முந்தின 'சாதாரண' வருஷம் முடியப் போகிற சமயம் சித்தப்பா ஏதோ வேலையாகத் தூத்துக்குடி போய்வந்தார். அங்கே கடற்கரையில் ஒரு துரை நின்று, கம்பில் பூட்டிய சக்கரத்திலிருந்து நூலைக் கடலுக்குள் வீசியதைப் பார்த்திருக்கிறார். அதை அம்மாவிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், கடைசியில் தன்னை மறந்து அப்பாவிடமே சொன்னார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். தம்பிக்கு வேண்டியது கொழும்பு இல்லை, கடல்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஏலே, அந்தச் சக்கரம் ஒண்ணு வாங்கித் தாரேன். மாசம் ஒரு சனிக்கிழம தூத்துக்குடிக்குப் போ. வீசிட்டு வா. கொழும்புப் பேச்ச விட்டுரு" என்றார்.

சித்தப்பா தலையை ஆட்டினார். முள் கட்டக்கூடாது, ஈயக்குண்டு மட்டும்தான் என்பது அப்பாவின் நிபந்தனை. மீனைத் தொட்ட சாமான் தன் வீட்டு நடை ஏறக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

ஊருக்குத் திரும்புகிற துரைமார்கள் விட்டுப்போகும் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற சாயபு ஒருவர் மேலப்பாளையத்தில் இருந்தார். அவர் கடையில் அப்படிப்பட்ட சக்கரங்கள், அதாவது தூண்டில் ராட்டைகள், மூன்று இருந்தன. வெள்ளிபோலப் பளபளத்த ஒன்றின் விலையைக் கேட்டதும் அப்பா அதைத் தொடாமலே அடுத்ததைப் பார்த்தார். அவர் ஒதுக்கிய பணத்துக்கு மற்ற இரண்டில் ஒன்றுதான் வரும். கம்பு வாங்குவதாகவே இல்லை. ஆற்றங்கரையில் மூங்கில் இருந்தது.

ஒன்று பெரிய மரச்சக்கரம். வீசும்போது கடகடவென்று சுழலும். மற்றது சிறிய பித்தளை ராட்டை. வீசுவதற்கு முன் அதைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். அப்போது சக்கரம் அசையாது; நூல் மட்டும் அதன் விளிம்பின் மேல் வளையம் வளையமாக வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பழையபடி நேரே திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். சுற்றாத சக்கரம் என்ன சக்கரம் என்று யாரும் வாங்காததால் அதற்கு விலை குறைவு.

கடைக்குப் பின்னால் போய்ச் சோதித்துப் பார்த்தோம். அப்பாவின் குடைக்கம்பில் ராட்டையை வாழைநாரால் கட்டி, நூல் நுனியில் ஒரு கொட்டைப்பாக்கை முடிந்து சித்தப்பா வீசினார். மரச்சக்கரம் பாக்கை விட வேகமாக ஓடியது. அரை நொடியில் காக்கைக் கூடு மாதிரி ஒரு சிக்கு. பித்தளை ராட்டையிலோ சத்தமே இல்லை. நூல் புகைபோல எழுந்து, சுவரைத் தாண்டி மறைந்தது. சற்று நேரம் கழித்து அந்தப் பக்கம் தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்த நெசவாளி ஒருவர் பாக்கைக் கையில் பிடித்தபடி சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"நூலு பத்தலையேன்னு இருந்தேன். மேல இருந்தே அனுப்பிட்டீரே வே" என்றார் சாயபுவிடம்.

சித்தப்பாவுக்கு அது போன தூரம் பிடித்துவிட்டது. அப்பா தூரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு ராட்டைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மரச்சக்கரத்தில் மீன் வாசம் அடித்தது. பித்தளையில் எண்ணெய் நெடி மட்டும்தான்.

சாயபு கெட்டிக்காரர். "இத வச்சிருந்த தொரை ஒரு மீன்கூடப் புடிச்சது கெடையாது பிள்ளைவாள்" என்றார்.

தூண்டில் ராட்டைக்கு இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரம் உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது. அதற்காகவே அப்பா அதை வாங்கினார்.

அந்தப் பங்குனியிலேயே ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் ரயிலேறி, மணியாச்சியில் மாறித் தூத்துக்குடி போனோம். கடலில் அலையே இல்லை. தொலைவில் கொழும்புக் கப்பல் நின்றது. அங்கே கரையோரம் ஆழம் போதாது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதனால் அது வருகிறதா, போகிறதா, வெறுமனே நினைத்துக்கொண்டு நிற்கிறதா என்று தெரியாமல், வெயிலில் பாதி கரைந்து நின்றது.

அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். சித்தப்பா கோட்டைக் கழற்றவில்லை. துரை மாதிரியே நிற்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீசினார். நூல் ஒளியாக நீண்டது. குண்டு விழுந்த சத்தமே கேட்கவில்லை. கப்பல் வரைக்கும் போய்விட்டது என்றே நம்பினேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் வந்து நூல் நுனியைப் பார்த்தார்.

"முள்ள எங்க?"

"முள்ளு இல்ல" என்றார் அப்பா.

"பின்ன எதுக்கு வீசுதீய?"

காற்று வாங்க வந்தோம் என்றார் அப்பா.

பிறகு சித்தப்பா கட்டாயப்படுத்தி அப்பாவை வீசவைத்தார். முதல் குண்டு அவர் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது போயிற்று. அப்பா சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய அவர் பற்கள் அத்தனையையும் அன்றுதான் பார்த்தேன். கொண்டுவந்த புளியோதரையை மறந்து வீசிக்கொண்டே இருந்தார். சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கடலைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் அப்பா கம்பை நீட்டினார். சித்தப்பா வாங்கவில்லை.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் வாகா இருக்கு."

"ஒனக்குன்னு வாங்குனதுல்லா."

"தெரியும்" என்றார் சித்தப்பா.

அப்பா நூலைப் பையச் சுற்றி முடித்தார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சித்தப்பாவுக்கு அலுத்துவிட்டது, அப்பாவுக்கும் அலுத்தால் ராட்டை எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். திரும்புகிற ரயிலில் அதை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனேன்.

சித்திரையில் சித்தப்பா கப்பலேறினார். வழியனுப்பப் போனவர் அப்பாதான். அதற்குப் பிறகு நூல் இற்றுப்போகும்வரை, மாதம் ஒரு சனிக்கிழமை ராட்டையை எடுத்துக்கொண்டு அவர் தூத்துக்குடி போய்வந்தார். மறுநாள் காலை ஆற்றில் நூலை அலசி, கொல்லை மரநிழலில் கட்டுவார். சைவப் பிள்ளை தூண்டில் போடப் போகிறார் என்று தெரு சிரித்தது. அப்பாவுக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

சித்தப்பா கப்பல் சீட்டு வாங்கியது சித்திரையில் என்பது அம்மாவின் நினைவு. சித்தப்பாவிடம் பிற்காலத்தில் கேட்டதற்குச் சிரித்தார், சொல்லவில்லை. அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை வெயிலில் சித்தப்பா கழற்றாத கோட்டுக்குள் கப்பல் சீட்டு இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.