மார்த்தாள் தள்ளிப்போட்ட ஞானஸ்நானம்

மானாம்பதிக்கு அப்பால், புத்தி பேதலித்த பெண்களுக்காக மிஷன்காரர்கள் ஒரு விடுதி நடத்தினார்கள். மார்த்தாள் அங்கே சமையல்காரி. நான் தண்ணீர் இறைத்தேன். மார்த்தாளின் தங்கை அம்முலுவும் உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி.

நர்சுகள் மட்டும் அங்கே நிலைக்கமாட்டார்கள். ஒருத்தி தேளைப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி பேச்சுத்துணை இல்லையென்று போனாள். கடைசியில் கமிட்டியார், அடுத்த நர்சும் போய்விட்டால் விடுதியை மூடிவிட்டு எல்லாரையும் மதராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து அடுத்த நர்சாக சலோமி சிஸ்டர் வந்தார். வந்த வாரமே அவருக்கு முகம் வாடிவிட்டது. மார்த்தாள் தன் கைக்குழந்தையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

"இதுக்கு நீங்கதான் ஞானத்தாயி. நீங்க இல்லாம இதுக்கு ஞானஸ்நானம் கெடையாது."

சிஸ்டருக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து வெள்ளைக் கவுன் தைத்தார்.

ஞானஸ்நானம்தான் வரவேயில்லை. பாஸ்டருக்குக் காய்ச்சல் என்றாள் மார்த்தாள்; அவரோ சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். புருஷன் வெளியூர் நடவுக்குப் போயிருக்கிறான் என்றாள். அவனோ சமையற்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கவுன் சிறுத்துப்போய் சிஸ்டர் இன்னொன்று தைத்தார். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தும், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்குழந்தை தானே நடந்து கோயிலுக்குள் போய்விட்டது. இன்னுமா இதற்குப் பெயர் வைக்கவில்லை என்று கேட்ட பாஸ்டர் அப்போதே தண்ணீர் தெளித்துக் கிருபை என்று வைத்துவிட்டார். மார்த்தாளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை சிஸ்டர் பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்துவிட்டார். பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். மார்த்தாள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது வயித்துல கீது சிஸ்டர். அதுக்கும் நீங்கதான்."

சிஸ்டர் அவளைப் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். நாள் கேட்டார், நாடி பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். அதற்குள் பஸ் வந்து, நின்று, போயும்விட்டது.

"ஒண்ணுமே இல்லையே, மார்த்தாள்."

"இன்னிக்கி இல்ல. கர்த்தர் மனசு வெச்சா வரும்." மார்த்தாளின் குரல் இறங்கியது. "நீங்க போய்ட்டா அம்முலுவ வண்டி ஏத்திடுவாங்க சிஸ்டர்."

சிஸ்டர் பஸ் போன புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பெட்டியைத் தூக்கச் சொல்லி, நாளைக்குப் போகிறேன் என்றார்.

மறுநாள் பஸ் நேரத்தில் அம்முலுவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகி நான் அங்கிருந்து கிளம்பியபோதும், சிஸ்டர் நாளைக்குத்தான் போவதாக இருந்தார்.