மன்னார் அக்காவோடு ஒரு கோடை

கொழும்பில் நாங்கள் படித்த வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய கடல் வரைபடம் தொங்கியது. அதில் தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் நடுவே ஒரு சாண் நீலம்கூட இல்லை. முதல் நாள் காலை அதன் முன்னால் நின்று தூத்துக்குடிக் கரையோரம் விரலால் என் ஊரைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெண் எல்லைக்கோட்டுக்கு அந்தப் புறம் விரலை வைத்து, "இது எங்கட ஊர். உங்கட ஆக்கள் அடிக்கடி வாற இடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குப் பட்டது.

நான் அப்போது சென்னையில் சர்வதேச உறவுகள் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். இந்தியப் பெருங்கடல் நாடுகளின் அரசியலையும் பாதுகாப்பையும் பற்றிய ஒரு கோடைக்காலப் படிப்புக்காகக் கொழும்பு போயிருந்தேன். விடுதியில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே அறை. மன்னாரில் வழக்கறிஞராக இருந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். காலையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் போடுவார். ‘பேசினேன்’ என்று நான் சொன்னால், ‘கதைச்சனான் எண்டு சொல்லும்’ என்று கேலி செய்வார். அவருடைய தமிழை நான் திரும்பச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிப்பார்.

வகுப்பில் மட்டும் நாங்கள் எதிரெதிர். துறைமுகங்கள், போர்க்கப்பல்கள், வல்லரசுகளின் போட்டி என்று போய்க்கொண்டிருந்த பாடத்தில் ஒரு நாள் மீனவர் பிரச்சினை வந்தது. நான் எழுந்து எங்கள் கடற்கரை ஊரான பெரியதாழையில் மீன்பிடிக்கும் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசினேன். கடற்படை பிடித்துப்போன ஆண்களுக்காகக் கரையில் காத்துக்கிடக்கும் பெண்களைப் பற்றியும் சொன்னேன். வகுப்பு முழுக்க என் பக்கம் இருந்ததாகத் தோன்றியது. நான் உட்கார்ந்ததும் அக்கா எழுந்தார்.

"சண்டைக் காலத்தில எங்களைக் கடலுக்குப் போக விடேல்ல. இப்ப போனா, இந்தியாவின்ர இழுவைப்படகு வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. இவ சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனா இவவின்ர கதையில எங்கட அப்பா எங்க?"

மறுநாள் காலை அக்கா தமக்கு மட்டும்தான் தேநீர் போட்டார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அம்மாவின் போன் வந்தது. "ஏளா, அண்ணனப் புடிச்சிட்டாங்களாம். அங்கன மன்னாருலதான் வச்சிருக்காங்களாம். நீ அந்த நாட்டுலதான இருக்க, போய்ப் பாருளா" என்று அழுதாள். அண்ணன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் ராமேஸ்வரத்தில் ஒரு இழுவைப்படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு வெள்ளன பஸ் இருக்கு. நானும் வாறன்."

"நீங்க எதுக்குக்கா?"

"உங்களுக்கு அங்க கோர்ட் எங்க இருக்கெண்டு தெரியுமோ?"

மன்னாரில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம். முற்றத்து வேப்பமரத்தடியில் அறுந்த வலைகள் குவிந்து கிடந்தன. அக்காவின் அப்பா அவற்றின் நடுவில் உட்கார்ந்து, தேறக்கூடிய துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று அக்கா சொன்னதும், என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அக்காவின் அம்மா சோறும் மீன் குழம்பும் வைத்தார். அந்த மீனை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கிளம்பும் நேரத்தில் அக்காவின் அப்பா திரும்பி வந்தார். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாவைக் கண்டால் ஒண்டு கேளும், பிள்ளை. மிதவை கட்டி, விளக்கும் போட்டுத்தான் நாங்கள் வலை விடுறம். அது அவையளுக்குத் தெரியிறேல்லையோ எண்டு கேளும்" என்றார்.

நீதிமன்ற வளாகத்தில் அண்ணனோடு கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். தாடி வளர்ந்து, வேறு யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டான். நான் பதில் சொல்லிவிட்டு, அந்தப் பெரியவர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அக்கா என் தோளையொட்டி நின்றிருந்தார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்ளா. வெளக்கு நல்லாத் தெரியும். டிரைவரு படகத் திருப்ப மாட்டாரு. நாங்களும் வாயத் தொறக்க மாட்டோம். மீனு அங்கனதான கெடக்கு."

அக்கா அத்தோடு திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இறுகிப்போயிருந்தது. ஆனால் நேரே போய், பிடிபட்டவர்களுக்காக வாதாட வந்திருந்த வழக்கறிஞரிடம் நெடுநேரம் பேசினார். அண்ணனின் விவரங்களைச் சொல்லி, வீட்டாரோடு போனில் பேச அனுமதி கேட்க ஏற்பாடு செய்தார். வெளியே வந்ததும், "உங்கட அண்ணா உண்மையைச் சொன்னவர்" என்றார். சிறிது தூரம் நடந்தபின், "அதால என்ர கோபம் குறையேல்ல" என்றும் சொன்னார். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

சில வாரங்களில் அண்ணனை விடுவித்தார்கள். படகு பறிமுதலாகி அங்கேயே நின்றுவிட்டது. அவன் பிறகு இழுவைப்படகில் ஏறவில்லை. பெரியதாழையில் சிறு வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில், அன்று படித்த பாடத்தையே நடத்துகிறேன். அக்காவோடு வாரம் தவறாமல் கதைப்பேன்.

அண்மையில் இங்கே, பிடிபட்ட மீனவர்களை விடுவிக்கக் கேட்டு ஒரு கூட்டம் நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். விடுதலை செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். அறுந்த வலைகளைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கூச்சல் கிளம்பியது. "ஏளா, நீ எந்த நாட்டுக்காரி?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். மைக்கை வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தான். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவன். "அவ சொல்லுதது நெசந்தான் அண்ணாச்சி. அந்த வலைய அறுத்தது நாங்கதான். நானும் அந்தப் படகுல இருந்தேன்" என்றான். யாரும் கை தட்டவில்லை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். அவனோடு கடலுக்குப் போகிறவரே அன்று அவனைக் கண்டுகொள்ளாமல் போனார்.

மில்லர்புரத்தில் உள்ள என் வீட்டுக்கு அண்ணனோடு வந்ததும் அக்காவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் தம் அப்பாவிடம் அதை அப்படியே சொல்வது கேட்டது. திரும்ப வந்தபோது குரல் தயங்கியது.

"அப்பா கேக்கிறார்… அப்ப இனி அவையள் வர மாட்டினமோ, நாளைக்கு வலை விடலாமோ எண்டு."

கடல் எல்லை ஒப்பந்தங்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறவள் நான். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போனை நீட்டினேன். அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"வருவாங்க ஐயா" என்றான். "நாளைக்கு வலை விடாதீங்க."