லைனில் ஆடிய ஆட்டம்

எனக்கு முழு நம்பிக்கையோடு எழுத வரும் ஆங்கில வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: லைன். படித்துக் கற்றதில்லை. பிறந்ததே திருவொற்றியூரில் ஒரு லைன் வீட்டில். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், சுவருக்குப் பின்னால் ரயில்வே லைன். மழை பெய்தால் கரண்ட் போகும், லைன்மேன் மறுநாள் வருவார். வாலிபத்தில் ராயபுரத்துப் பெண் ஒருத்தியை இரண்டு வருடம் லைன் அடித்தேன். அவள் கான்வென்ட்டில் படித்தவள், அறிவாளி. ஆனாலும் என்னையே கட்டிக்கொண்டாள்.

இப்போது ட்ரெய்லர் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பதெல்லாம் பேச்சுக்கு. துறைமுக கேட்டுக்கு வெளியே, எண்ணூர் சாலையில், கன்டெய்னரைச் சுமந்துகொண்டு லைனில் நிற்கிறேன் என்பதுதான் உண்மை. ஒரு நாள் நிற்போம், இரண்டு நாளும் நிற்போம். இடுப்பு எது, சீட் எது என்று தெரியாமல் போய்விடும்.

அந்த அலுப்புக்கு மருந்தாக மனைவி என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். கட்டம் போட்ட பலகையில் எழுத்துகளைச் சேர்த்து ஆங்கில வார்த்தை அமைக்க வேண்டும். அவள் வீட்டில், நான் வண்டியில். நான் எப்போதும் லைன் போடுவேன். அந்த நாலு எழுத்துக்கும் தலைக்கு ஒரு புள்ளிதான்.

"இன்னாயா, அத்த வுட்டா உனக்கு வேற வார்த்தையே தெரியாதா?" என்பாள் போனில்.

"அத்த அடிச்சிதானேமே உன்ன புடிச்சேன்."

"அதான் நாலு புள்ளியோட நிக்கிற."

லைனில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. டீக்கோ குளிக்கவோ ஒருவர் இறங்கினால், சாவியைப் பின்வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். லைன் நகர்ந்தால் பின்வண்டிக்காரர் முதலில் அந்த வண்டியை நகர்த்தி, ஓடி வந்து தன் வண்டியையும் நகர்த்த வேண்டும். ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துகொள்வான். கேட்க முடியாது.

அன்று எனக்கு முன்னால் நின்றவர் மீஞ்சூர்க்காரர். வயதில் பெரியவர், அண்ணா என்பேன். மாலை நாலு மணிக்கு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். கன்டெய்னரை உள்ளே இறக்காமல் வண்டியை விட்டு வீட்டுக்குப் போக முடியாது; நுழைவுச் சீட்டில் அவர் போட்டோ இருப்பதால் வேறு ஆளும் உள்ளே ஓட்ட முடியாது. இரண்டு நாள் தாடியோடு சம்பந்தி முன் நிற்பதா என்று, பத்து மணிக்குச் சாவியை என் கையில் வைத்தார்.

"சேவிங் பண்ணிகினு ஓடியாந்துர்றேன். பாத்துக்கோ மாமு."

"நீ போண்ணா, நான் கீறேன்ல."

நான் இருந்தேன். பலகையில் என் லைன் கிடந்தது. கையில் ஏழு எழுத்து, எதுவும் ஒட்டவில்லை. அரைமணி நேரம் முறைத்த பிறகு, முன்னால் எஸ், ஏ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தால் சலைன் என்று வந்தது! டெங்குவில் படுத்தபோது தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலில் படித்தது. பின்னால் ஹாரன் அலறியது. அங்கே எப்போதும் அலறும். நான் சலைனைப் போட்டேன்.

"பரவாலியே, உனுக்கும் மூள கீது" என்று மனைவி போன் செய்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் பாராட்டு. இளித்துக்கொண்டே நிமிர்ந்தால், அண்ணன் வண்டிக்கு முன்னால் ஆறு வண்டிகள் புதிதாக நின்றன.

அண்ணன் வந்தார். மழமழவென்று சவரம், தலைக்குக் கருப்பு மை.

"இன்னா மாமு, வண்டி இங்கயே கீது?"

"கேம் ஆடிகினு இருந்துட்டேண்ணா."

திட்டியிருந்தால் தேவலை. மணியைப் பார்த்துவிட்டு டயர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்த ஆறு வண்டிகளிடமும் நடந்தேன். முதல் ஆளே, "உன் தூக்கத்துக்கு நாங்க தாலாட்டு பாடணுமா நைனா?" என்றான். தூங்கவில்லை, விளையாடினேன் என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. மகள் நிச்சயத்தைச் சொன்னதும் ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். முதல் ஆள்தான் தீர்ப்புச் சொன்னான்.

"பெரியவரு முன்னால வரட்டும். ஆனா சாவிய வாங்கிகினு பொம்ம பாத்தவனுக்கு இங்க எடம் கெடியாது. நீ வால்ல போய் நில்லு."

அண்ணன் வேண்டாம் என்றார். நான் சாவியை அவர் கையில் திணித்தேன். ஒன்றரைக்கு அவர் வண்டி கேட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டு என் வண்டியைக் கிளப்பினேன். நாற்பதடி ட்ரெய்லரைத் திருப்ப இடம் தேடியே நெடுந்தூரம் போனேன். பிறகு எதிர்ப்பக்கமாக, நிற்கிற அத்தனை டிரைவர்களும் வேடிக்கை பார்க்க, லைனின் கடைசிக்கு ஊர்ந்தேன். ஒருவன் டாட்டா காட்டினான். நானும் காட்டினேன்.

நாலரைக்கு அண்ணன் கூப்பிட்டார். பின்னால் ஒரே பெண்கள் சத்தம்.

"தட்டு மாத்தியாச்சு மாமு. நீ துன்னியா?"

"சந்தோஷம்ணா" என்றேன். சாப்பிடவில்லை என்று சொல்லத் தெம்பில்லை. காலை டேஷ்போர்டு மேல் நீட்டிக் கண்ணை மூடினேன். மூடியதுதான் தாமதம், முன்வண்டி நகர்ந்தது.