வலத்தோளுக்கு இடக்காலில் ஊசி

அப்பாவின் வலக்கை மூன்று மாதமாகத் தோளுக்கு மேலே எழவில்லை. புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்பவர். மண்வெட்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். காலையில் தன் நெற்றிக்குத் தானே திருநீறு பூச முடியாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இடக்கையால் திருநீற்றைத் தொடமாட்டார். அம்மா பூசிவிட வந்தால், "நானென்ன குழந்தைப்பிள்ளையே?" என்று முகத்தைத் திருப்புவார்.

ஆஸ்பத்திரிக் குளிசைகள் நோவைக் குறைத்தன, கையை உயர்த்தவில்லை. யாழ்ப்பாண டவுனில், சீனாவில் படித்து வந்த ஒரு பெண் வைத்தியர் மருந்தில்லாமல் வெறும் ஊசி குத்தியே நோவை மாற்றுகிறார் என்று கேள்விப்பட்டு அப்பா புறப்பட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன். நரம்புகளின் படத்தைப் பார்க்காமலே கீறுவேன். நாலு கேள்வி கேட்கவென்றே கூடப் போனேன்.

"நாக்கை நீட்டுங்கோ ஐயா."

அப்பா பெருமையாக நீட்டினார். வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாக்கை வழிச்சுப்போட்டோ வந்தனீங்கள்?"

"ஓம். டொக்டரிட்டை ஊத்தை நாக்கோடை வரேலுமே? மனுசி ரெண்டு தரம் வழிக்கச் சொன்னவ."

"அந்த ஊத்தையைத்தான் ஐயா நான் பாக்கவேணும்."

நாக்கில் படிந்திருப்பதன் நிறமும் தடிப்பும் உடம்புக்குள் இருப்பது சூடா குளிரா என்று காட்டுமாம். அது இல்லாததால் வாயால் விசாரித்தார்.

"பனி பெய்யேக்கை உளையும். சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா இளகும்" என்றார் அப்பா.

"அப்ப குளிர் போய் அடைச்சிருக்கு. ஓட்டம் தடைப்பட்டிருக்கு."

"அதைத்தான் நானும் இவளுக்குச் சொன்னனான்!"

இருவரும் ஒரே ஊர்க்காரர் போலக் கதைத்தார்கள். படித்த எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

மயிரிழை போன்ற ஊசி அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

"நோ வலத்தோளிலை" என்றேன்.

"தெரியும் தங்கச்சி."

"அதிலையிருந்து தோளுக்கு எந்த நரம்பு போகுது?"

"நரம்பெண்டு நான் சொல்லேல்லை. அது ஓட்டத்தின்ரை வழி. வெட்டிப் பாத்தாத் தெரியாது."

"தெரியாட்டி, இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"பிள்ளை, ஊசி குத்தினது எனக்கு. நீ ஏன் கத்துறாய்?" என்றார் அப்பா.

வைத்தியர் ஊசியை மெல்லத் திருகியபடி கையைத் தூக்கச் சொன்னார். அப்பா தூக்கினார். முன்பைவிட மேலே போனது போலவும் இருந்தது. என்னை வெல்லப் பல்லைக் கடித்துத் தூக்கியது போலவும் இருந்தது.

அடுத்த நாள் குளித்துவிட்டுச் சாமிப்படத்தின் முன்னால் நின்று, அம்மாவைத் தள்ளிப்போகச் சொன்னார். வலக்கையின் மூன்று விரல்கள் நீற்றை எடுத்தன. கை உயர்ந்தது. தலையும் குனிந்தது. நெற்றியில் மூன்று குறிகள் விழுந்தன, கொஞ்சம் சரிவாக.

"பாத்தியே?"

பார்த்தேன். கை எவ்வளவு எழுந்தது, தலை எவ்வளவு குனிந்தது என்பதைத்தான் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஓம் அப்பா" என்றேன். பிறகு, "அடுத்தமுறை போகேக்கை நாக்கை வழிக்காதேங்கோ" என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.