வயிற்றில் போட்ட குறி

என் மாமியாரின் வயிற்றில், தொப்புளுக்குச் சற்று இடப்பக்கமாக, ஸ்கேன் டாக்டரம்மா நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதைக் குனிந்து பார்த்த மாத்திரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்தார். முந்தானையில் எச்சில் தொட்டு அழுந்தத் துடைத்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்துவிட்டார். ஊசியை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

அத்தைக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கண்டக்டர் எங்கள் ஊர் வாழவந்தி வருமுன்பே இறக்கிவிடப் பார்க்கிறான், மருமகள் பீரோ சாவிக்கு அலைகிறாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தால் முதல் வாய் நான் குடிக்க வேண்டும், சர்க்கரை பார்க்கத்தானாம்! நானும் லேசுப்பட்டவள் இல்லை, பாதி டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவருக்கு வயிறு ஊதத் தொடங்கியது. சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருப்பதாகவும், குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு தடித்திருப்பதாகவும் சொன்னார்கள். டிபியாகவும் இருக்கலாம், கேன்சராகவும் இருக்கலாம். நீரை எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு, துளி சதை எடுத்தால்தான் தெரியும். டிபி என்றால் மாத்திரையிலேயே ஆளைத் தேற்றிவிடலாம். எது என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

திரும்பும் பஸ்ஸில் எங்கள் மலையின் அடிவாரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கத்தை, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" என்றேன்.

"உன்ற சோலியப் பாரு புள்ள. நீயும் அவளும் வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசுனத நான் பாக்கலீன்னு நெனச்சியா?"

நான் டாக்டரம்மாவிடம் கேட்டது கக்கூஸ் எந்தப் பக்கம் என்று. சொன்னால் நம்பவா போகிறார்?

ஊசி குத்தினால் உள்ளே இருப்பது பரவிவிடும் என்று அத்தை வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டின் லயன் வீடுகளில் யாரோ ஓதியிருப்பார்கள் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஒரே வயிற்றுக்கு எத்தனை முறை ஜெல்லைப் பூசுவார்கள், எதையோ மறைக்கிறார்களோ என்று டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்தானே நான்.

வயிறு இன்னும் பெருத்து, குனிய முடியாமல் போன ஒரு காலையில் நான் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது. "குறி போட்ட செடிய எந்தத் தொரையாச்சும் உட்டு வெச்சிருக்கானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்டைத் துளைக்கிற வண்டு விழுந்த காப்பிச் செடிகளைத் தேடிச் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போடுவதுதான் எஸ்டேட்டில் அத்தையின் வேலை. அவர் குறி போட்டுக்கொண்டே முன்னால் போவார். பின்னாலேயே கடப்பாரையோடு ஆட்கள் வந்து, வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார்கள். குறி விழுந்த செடி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. பாவி மனுஷி, இத்தனை நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டா படுத்துக் கிடந்தார்!

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பேனாவே வேண்டாம். ஊசி போறது ஸ்கிரீன்ல தெரியும், அவங்களும் பாக்கட்டும்" என்றார். இரண்டாம் முறை திரையை அத்தையின் பக்கம் திருப்பி வைத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்ட பிறகு, சாம்பல் நிறத் திரையில் வெள்ளைக் கோடாக ஊசி இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேமியாத் துண்டு போல வந்த சதையைப் பாட்டிலில் போட்டார்கள். தன் கண்ணெதிரே பெயர் ஒட்டாமல் அந்தப் பாட்டிலை வெளியே விட மாட்டேன் என்று அத்தை அடம்பிடித்தார். அடுத்தவள் சதையோடு மாற்றிவிடுவார்களாம்.

முடிவு வந்தது, கேன்சர். முதல் தடவையே எடுத்திருந்தால் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பெரிதாக மாறியிருக்காது என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்ற சந்தேகம், அத்தை போய்ச் சேர்ந்த பின்னும் எனக்குப் போகவில்லை. செம்மநத்தத்துச் சொந்தக்காரர்களோ, அந்த ஊசிதான் பரப்பிவிட்டது என்று இன்றைக்கும் என் காதுபடவே சொல்கிறார்கள்.

முடிவு வந்த அன்றைக்கு என் கணவர், "அம்மாகிட்ட வவுத்துல புண்ணுன்னு சொல்லீரு" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அம்மாவிடம் சிரித்துப் பேசினார். நாத்தனாரும் சிரித்துப் பேசினார். எல்லோரும் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் ஒண்ணுமில்லீங்கறாங்க. அவுங்களுக்கெல்லாம் எம்மேல பாசம், பொய்தான் சொல்லுவாங்க. உனக்குத்தான் என்னைய ஆகாது. நீ சொல்லு புள்ள."

"கேன்சருங்கத்தை. மருந்து ஏத்தலாங்கறாங்க."

"ஊசி குத்துனதுல வந்துச்சா?"

"இல்லீங்க. அதுக்கு முந்தியே இருந்திருக்குது."

அத்தை தலையாட்டினார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயிலிருந்து வந்த ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த ஒரு முறைதான். கேன்சர் என்று நான் சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா?