உரித்துக் கொண்டுபோன மல்லாட்டை

கிளியனூருக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிக் காந்திமதிக்கு ஒரு ஏக்கர் செம்மண் கொல்லை. பெரியதம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிடுங்கியவள். புருஷன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்து செத்தானே, அந்த ஒரு வருஷம் மட்டும் கொல்லை தரிசு. கருமாதிச் சோற்றைத் தின்றுகொண்டே சொந்தக்காரர்கள், "இனிமே யாரு பாக்கப்போறா, வித்துடலாம்" என்று பேச ஆரம்பித்தார்கள். அவள் எழுந்துபோய் பங்கு மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சத் தன் முறை எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டு வந்தாள். வித்துவிடலாம் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

மகன் தென்னரசுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்தவன் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சண்டையை ஆரம்பித்தான்.

"எம்மா, பக்கத்துக் கொல்லைங்கள பாரு. எல்லாரும் சவுக்கு வெச்சுட்டாங்க. நாலு வருஷம் தண்ணியும் வேணாம், ஆளும் வேணாம். வியாபாரியே வந்து வெட்டிக்கினு போறான். நீ என்கூட வந்து இரு."

"நாலு வருஷம் கால் வெக்காத நெலம் எதுக்குடா எனக்கு? போட்டோ புடிச்சு செவுத்துல மாட்டிக்கவா?"

"மல்லாட்டை போட்டு இன்னாத்தக் கண்ட? வெத வாங்கற வெலைக்குக்கூட விக்கறதில்ல."

அது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இந்த வருஷம் கவர்மெண்டே விலை வைத்து மல்லாட்டை எடுக்கப்போகிறது, திண்டிவனத்தில் கொட்டகை போடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கவர்மெண்டு வெலை கெடச்சா நீ சவுக்கு பேச்சே எடுக்கக்கூடாது. கெடைக்கலேன்னா நானே குழி தோண்டறேன். போதுமா?"

"சொன்ன வார்த்தையில நிப்பியா?"

"நான் என்னிக்குடா நிக்கல?"

தென்னரசு போனிலேயே அந்தக் கொள்முதலுக்கு அவள் பேரைப் பதிந்து கொடுத்துவிட்டு ஒரகடம் போனான்.

சித்திரைக் கடைசியில் பிடுங்கினார்கள். நல்ல காய்ப்பு. செடியைத் தூக்கி உதறினால் கொத்துக்கொத்தாய்ச் சலசலத்தது. களத்தில் ஆறு நாள் காயப்போட்டு அள்ளினாள். இனி விற்பதுதான் பாக்கி. இந்தச் சீமையில் மல்லாட்டை விற்பது என்றால் உரித்து, பயிறாக்கி, அதாவது வெறும் பருப்பாக்கி, மூட்டை பிடித்துக்கொண்டு போவதுதான். அவள் மாமியார் காலத்திலும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான். தோலோடு கொண்டுபோய் நின்றால் விற்பனைக் கமிட்டி வாசலில் சிரிப்பார்கள். கையால் உரிக்க ஆள் கிடைத்த காலம் போய் இப்போது மிஷின். மிஷினில் காய்ந்த காயைப் போட்டால் பயிறு இரண்டாக உடையும், உடைந்ததற்கு விலை இல்லை. ஆகையால் முதல் நாள் சாயங்காலமே காயின்மேல் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்குப் போட்டு மூடிவைத்துவிடுவார்கள். மறுநாள் பயிறு முழுசுமுழுசாக விழும். விழுந்த கையோடு விற்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

காந்திமதியும் தெளித்தாள், மூடினாள், மிஷினில் போட்டாள். விடிகாலையில் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சூம்பல், அரைப்பருப்பு, கல் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டாள். கூடப் பொறுக்க வந்த பக்கத்து வீட்டு முனியம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"இன்னாக்கா, மல்லாட்டை விக்கப்போறியா, பொண்ணைக் கட்டிக் குடுக்கப்போறியா? பவுடர் ஒண்ணுதான் பூசல."

"சும்மா பொறுக்குடி. கவர்மெண்டுக்குப் போற சரக்கு. ஒரு சொத்தை இருக்கக்கூடாது."

ஏழு மூட்டை. குட்டியானை வண்டியில் ஏற்றி, மூட்டைமேலேயே உட்கார்ந்து திண்டிவனம் போனாள்.

கொட்டகையில் சரக்குப் பார்க்க உட்கார்ந்திருந்த பையன் பேர் புகழேந்தி. மூட்டையைப் பிரித்தான். கையை விட்டு அள்ளினான். அள்ளியதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, இது பயிறு."

"ஆமா சார். பயிறுதான். அரிசியா கொண்டாரச் சொன்னீங்க?"

"நாங்க தோலோட காயாத்தாம்மா எடுக்கணும். உரிச்சத எடுக்க உத்தரவு இல்ல."

அவளுக்கு முதலில் அது விளங்கவில்லை. "தோலை யாரு சார் திங்கறாங்க? நாங்களே கஷ்டப்பட்டு உரிச்சுக் குடுத்தா உங்களுக்கு வேலை மிச்சம்தானே?"

"டெல்லியில வெலை வெச்சதே காய்க்குத்தாம்மா. நோட்டீசுல போட்டிருக்கே." ஒரு தாளைப் படித்துக் காட்டினான். இருந்தது. ஒரே ஒரு வார்த்தையாக, நடுவில் இருந்தது. தென்னரசும் அதைப் படித்துத்தான் இருப்பான். கொல்லை வேலை செய்யாதவனுக்குக் காயென்ன, பயிறென்ன.

"அப்போ இதுக்குத் திரும்பத் தோல் மாட்டிக்கினு வரட்டுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் கொண்டுவந்ததும் பயிறுதான். அதுவும் திரும்பப்போகிறது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. புகழேந்தி சிரிக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

எதிரே கமிட்டி. மூட்டைகளை அங்கே இறக்கினாள். கமிட்டியில் வியாபாரிகள் சரக்கைப் பார்த்துவிட்டு அவரவர் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். எந்தச் சீட்டு கூடுதலோ அதைப் படிப்பார்கள். பிடித்தால் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் கிடங்கில் வைத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம்.

மேல்சித்தாமூர் பார்சுவநாத் நயினார் அவள் மூட்டையருகே நின்றார். இருபது வருஷமாக அவள் பயிறை வாங்குகிறவர். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அருமையான பயிறு காந்திமதிம்மா. ஆனா ஈரம் இருக்கு. இன்னிக்கு எந்த வெலை வந்தாலும் வித்துத் தள்ளிடுங்க."

"வெலை எப்படி நயினாரே?"

"படுத்துடுச்சி. வெளிநாட்டு எண்ணெய்க்கு வரியக் கொறச்சுட்டாங்க. கப்பல் கப்பலா வந்து எறங்குது. மில்லுக்காரன் நம்ம பயிறக் கேக்கறதேயில்ல. உங்க வூட்லயே இன்னா எண்ணெயில தாளிக்கறீங்க?"

ரேஷன் பாமாயில்தான்.

விலை படித்தார்கள். கொட்டகையில் எழுதிப் போட்டிருந்த விலைக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. கொடுத்திருக்கலாம். கொடுத்தால், மகனிடம் சொன்ன வார்த்தைப்படி கொல்லை அத்தோடு போயிற்று. நாளைக்கு ஏறினாலும் ஏறும் என்று ஒரு நப்பாசை.

"குடுக்க மாட்டேன். கெடங்குல போடுங்க."

"காந்திமதிம்மா, பிடிவாதம் வேணாம்" என்றார் நயினார்.

"என் பயிறு நயினாரே" என்றாள்.

மறுநாளும் அதே விலை. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ராத்திரி ஒரு கோடை மழை பெய்து புழுக்கிப் போட்டது. நாலாம் நாள் போய் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டாள். உள்ளே கதகதவென்று இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டாற்போல. கை வெளியே வந்தபோது விரலிலெல்லாம் பச்சைத் தூள். நாற்றம் தூக்கியது.

நயினார் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். இந்தத் தடவை கடிக்கவில்லை.

"இத எண்ணெய்க்கும் ஆட்டக்கூடாதும்மா. தின்னவன் ஈரல் போயிடும். நான் சீட்டுப் போட மாட்டேன். என்னை மன்னிச்சுக்கோங்க."

சோப்புக்கு எண்ணெய் எடுக்கிற ஒருத்தன் மட்டும் சீட்டுப் போட்டிருந்தான். படித்த விலையை அவள் காதில் வாங்கவே இல்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தென்னரசுக்குப் போன் போட்டாள்.

"சவுக்குக் கன்னுக்குச் சொல்லி வை."

அவன் கேட்கக் கேட்கக் கொட்டகைக் கதையும் கிடங்குக் கதையும் வெளியே வந்தன. "எம்மா, காய்னு படிச்சேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணல. தப்பு என்னோடது. அடுத்த வருஷம் காயாவே குடுக்கலாம். நீ மல்லாட்டையே போடு."

"அடுத்த வருஷம் எடுப்பாங்களோ, எடுக்க மாட்டாங்களோ. எடுத்தா உரிக்கச் சொல்லுவாங்களோ, ஊற வெக்கச் சொல்லுவாங்களோ. நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான்டா."

"பிடிவாதம் புடிக்காதம்மா."

"உனக்கு ஒரு பேச்சு, உலகத்துக்கு ஒரு பேச்சு எனக்குக் கெடையாது" என்று போனை வைத்துவிட்டாள். அவன் அதற்கப்புறம் நாலு தடவை வந்து கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. தென்னரசு லீவு போட்டு வந்து கன்று இறக்கினான். முனியம்மாளோடு எட்டுப் பெண்கள் கயிறு பிடித்து வரிசை கட்டி நின்றார்கள். காந்திமதியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு வந்து வரிசையில் நின்றாள்.

"நீ ஏன்கா? வரப்புல குந்து. நாங்க இல்ல?"

"குந்துனா கொல்லை பூரா கண்ணுல படும்டி. குனிஞ்சுட்டா குழி மட்டும்தான்."

முனியம்மாள் ஒரு கன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். காந்திமதி அதை நிமிர்த்தி வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் நன்றாக மிதித்து இறுக்கினாள். இரண்டு முழம் தள்ளி அடுத்த குழியைக் குத்தினாள்.