எதிர்த்தீ வைத்த சின்னபொண்ணு

சந்தவாசல் சின்னபொண்ணு கேள்வி கேட்க ஆரம்பித்தால் எதிராளி தப்பிக்க முடியாது. பஸ்ஸின் கூரையில் விறகுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, சேவூரில் பட்டுக்குச் சாயம் போடும் தங்கவேலுவின் அடுப்புக்குப் போவாள். போட்டோமா, வந்தோமா என்று இருக்கமாட்டாள். பட்டு நூலை ஏன் முதலில் வேக வைக்கிறீங்க, சிவப்பு ஏன் பச்சையைவிட சீக்கிரம் ஏறுது என்று ஆளைக் குடைந்து எடுத்துவிடுவாள்.

"இத்தினி கேக்கறவ நீ போலீசுக்குப் போயிருக்கலாம்மே" என்பார் தங்கவேலு.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. அப்படி ஏமாற்றினால் ஊர்வழக்கப்படி மலைக்குத் தீ வைப்பார்கள். உச்சி மொட்டைப்பாறைக்குக் கீழே காய்ந்த புல்லில் வைத்தால், தீ மேலேறிப் பாறையில் முட்டி அணைந்துவிடும். புகை மேகமாகும் என்று நம்பிக்கை. அந்தப் பங்குனியில் தீ வைக்கும் முறை அவள் புருஷன் துரைக்கு வந்தது.

அன்றைக்கு சேவூரில் நின்று பார்த்தாள். மலையில் புகை மேலே போகாமல் அடிவாரத்தில் இருக்கும் அவள் ஊர்ப்பக்கம் படுத்துக்கொண்டு வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினாள்.

ஊர் முழுக்க, மலைக்கும் வீடுகளுக்கும் நடுவே போகும் வண்டிப்பாதையில் நின்றது. உச்சியிலிருந்து இறங்கிய காற்று தீயைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. புங்கங்கிளையால் அடித்தவர்கள் முகம் வெந்து பின்வாங்கிவிட்டார்கள். இனி எதிர்த்தீ ஒன்றுதான் வழி. பாதையோரம் சருகைக் கொளுத்தினால் அது மலைப்பக்கம் முன்னேறிப் போய், வரும் தீக்குத் தின்ன ஒன்றும் மிச்சம் வைக்காது. ஊர்த்தலைவர் பலராமன் கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. கொளுத்தத்தான் கை வரவில்லை, துரை இன்னும் இறங்கி வரவில்லையே.

சின்னபொண்ணு அழவில்லை. துரையோடு மலைக்குப் போன சடையப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எங்க நின்னு வச்சாரு?"

"இப்போ இன்னாத்துக்கும்மா அது? கூரையெல்லாம் போயிடப் போவுது."

"சொல்லுண்ணா. எங்க நின்னாரு?"

"எப்பவும் கீழ நின்னுதான் வைப்போம். செருப்பில்லாமதானே போவணும்? கீழ ஒரே முள்ளு. அதனால பாறை மேல ஏறிக் குந்திகினு, குனிஞ்சு வச்சாரு. நான் கீழ நின்னுகினு இருந்தேன். தீ என்னைத் துரத்திச்சு."

"காத்து?"

"பாறைக்குப் பின்னால இருந்து."

அப்படியென்றால் தீ அவனை விட்டு விலகித்தான் வந்திருக்கிறது. மொட்டைப்பாறையில் எரிய என்ன இருக்கிறது?

"அணைக்கலாம்னு ஓடியாந்து ரெண்டு தீக்கும் நடுவுல மாட்டியிருந்தா?" என்றார் பலராமன். முதல் கூரையில் பொறி விழுந்தது. பலராமன் கையிலிருந்த பந்தத்தை வாங்கி, அவளே சருகில் வைத்தாள்.

இரண்டு தீயும் நடுவழியில் மோதிப் படுத்தன. பொறி விழுந்த கூரையைப் பிய்த்துப் போட்டு மற்ற வீடுகளைக் காப்பாற்றினார்கள். வெயில் தாழ்ந்தபிறகு துரை பாறையிலிருந்து கரி படிந்த காலோடு இறங்கி வந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

யார் கொளுத்தியது என்று ஊர் அவனுக்குச் சொல்லாமல் இருக்குமா? சாப்பிட உட்கார்ந்தவன் கேட்டான்.

"நான் நடுவுல இல்லன்னு உனக்கு நல்லா தெரியுமா?"

"முக்கால்வாசி தெரிஞ்சுது" என்றாள். "மிச்சம் கால்வாசி தப்பாப் போனா பழி எம்மேலயே இருக்கட்டும்னுதான் பந்தத்தை வேற யார் கையிலயும் விடல."